அரக்கு வைத்த வால்வு

1. நான், வே. குலசேகரன், கோயம்புத்தூர் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர்.

2. காலஞ்சென்ற பம்ப்செட் உற்பத்தியாளர் நாச்சிமுத்துவின் பீளமேட்டு வீட்டைப் பாகம் பிரிக்கக் கோரி, அவருடைய மகன் பாரிவேள், தன் அக்காள் வஞ்சிக்கொடி மீது வழக்குத் தொடுத்துள்ளார். அவ்வழக்கில், மேற்படி வீட்டுக் கூடத்திலுள்ள கடல்நீர்த் தொட்டியைக் கண்காணித்து அறிக்கை அளிக்க நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் நானே.

3. இந்த நாட்குறிப்பு அந்த அறிக்கை அன்று. அறிக்கையில் எழுதத் தகாதவற்றை எழுதுவதற்காக வைத்துக்கொண்டது. எந்தத் தரப்பும் இதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய இயலாது.

4. எனக்கு மீன் வளர்ப்பில் ஆர்வமோ அறிவோ கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

முற்பகலில், இரு தரப்பு வழக்கறிஞர்கள் முன்னிலையில், சொத்தைப் பார்வையிட்டேன். உத்தரவில் 'சொத்து' என்றுதான் இருக்கிறது. நேரில் பார்த்தால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கடல். கோயம்புத்தூர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். நாச்சிமுத்து அதைக் கூடத்திலேயே கட்டி வைத்துக்கொண்டார்.

பவழம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் கல் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அது உயிருள்ளது. கிளை விடுகிறது, நுனியில் நீலமாகத் துளிர்க்கிறது. இங்குள்ளவை வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தவை என்பதற்கான இறக்குமதி ஆவணங்கள் தாக்கலாகியுள்ளன. அவற்றைப் பற்றி நான் கருத்து எதுவும் கூறவில்லை.

தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், கால்சியம் ரியாக்டர் என்னும் கருவி இருக்கிறது. முழங்கை உயர அக்ரிலிக் உருளை. அதற்குள் செத்த பவழத்தின் உடைந்த எலும்புகள். சோடாக் கம்பெனியில் இருப்பது போன்ற ஒரு சிலிண்டரிலிருந்து வாயு குமிழ் குமிழாக உள்ளே போகிறது. அதனால் நீர் புளித்து எலும்பைக் கரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு நீர் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்ப, உயிருள்ள பவழம் அதை எடுத்துத் தன் எலும்பைக் கட்டிக்கொள்கிறது. செத்தது கரைந்து இருப்பதை வளர்க்கிறது. வாரிசுரிமையை இவ்வளவு சுருக்கமாக எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எல்லாம் அந்தச் சொட்டில் இருக்கிறது. நிமிடத்துக்கு நாற்பது. குறைந்தால் பவழம் பட்டினி கிடந்து சாகும்.

தொட்டியைத் தந்தை தனக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டார் என்கிறார் வாதி பாரிவேள். அது வீட்டோடு சேர்ந்தது, நான் அந்த வீட்டில் இருக்கிறேன் என்கிறார் பிரதிவாதி வஞ்சிக்கொடி. கணவரை இழந்தபின் தந்தையோடு வந்து தங்கி, அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டவர். தொட்டி யாருக்கு என்பது பிறகு முடிவாகும். அதுவரை அது இருந்தபடியே இருக்க வேண்டும். மீனுக்குத் தீனி போடுவதையும் ஆவியான அளவுக்கு நீர் ஊற்றுவதையும் தவிர, கருவிகளை எவரும் தொடக்கூடாது. பிரதிவாதி தொட்டதாகத் தெரியவந்தால், வழக்கு முடியும்வரை அவர் வீட்டைக் காலி செய்து சாவியை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அவருடைய வழக்கறிஞரே இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு நம்பிக்கை.

குழாயின் முடிவில் இருக்கும் ஊசி வால்வில், சொட்டு நாற்பது விழும் நிலையில், கயிறு சுற்றி அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். என் குமாஸ்தா பட்டீஸ்வரன் விரலைச் சுட்டுக்கொண்டான். இனி வால்வின் திருகுக் குமிழை மயிரிழை அளவு திருப்பினாலும் அரக்கு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். என் தொழில் வாழ்வில் இதைவிடக் கச்சிதமான முத்திரையை நான் வைத்ததில்லை.

வழக்கறிஞர்கள் வண்டியேறிய பிறகு வஞ்சிக்கொடி என்னிடம், "சார், அந்த வால்வ ஒரே எடத்துல வெச்சுட்டா..." என்று தொடங்கினார்.

கையை உயர்த்தித் தடுத்தேன். "அம்மா, ஒரு தரப்பு தனியாகச் சொல்வதை நான் கேட்கலாகாது. எதுவானாலும் உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தாருங்கள்."

"சரிங்க" என்றார். உள்ளே போய்விட்டார். நெறிமுறையை ஒரு முறை சொன்னதும் புரிந்துகொள்ளும் கட்சிக்காரர்கள் அரிது.

ஏப்ரல் 7, திங்கள்

முப்பத்து நான்கு சொட்டு. மூன்று முறை எண்ணினேன். முத்திரை அப்படியே இருக்கிறது, கயிறு நெகிழவில்லை. ஆகவே எவரும் வால்வைத் திருப்பவில்லை. ஆயினும் சொட்டு குறைந்திருக்கிறது.

நீதிமன்றத்தின் முத்திரையைச் சுற்றிப்போகும் சாமர்த்தியம் இந்த வீட்டில் யாருக்கோ இருக்கிறது. உத்தரவின் மை காய்வதற்குள். சினத்தோடு எழுதுகிறேன் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு வாய்தா, ஒரு ஜாமீன். கருப்புக் கோட்டின் அக்குள் பிரிந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

இருபத்தேழு.

இன்று வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். குழாயின் நுனியில், சொட்டு பிரியும் இடத்தில், வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுவதை எடுத்து நுனியில் அப்பிவிட்டால் போதுமே, வால்வைத் தொடத் தேவையே இல்லை! பொடியை உறையிலிட்டு, பட்டீஸ்வரனைச் சாட்சிக் கையொப்பமிடச் செய்து ஒட்டினேன். சுரண்டிய உடனே சொட்டு முப்பத்தொன்றாக உயர்ந்தது. குற்றமும் கருவியும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

வஞ்சிக்கொடியைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டா?" என்று கேட்டேன்.

"இதென்னங்க கேள்வி?"

"பதில் சொல்ல விரும்பவில்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"இல்லீங்க. பழக்கமில்லைன்னே எழுதிக்கோங்க." பிறகு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார். "கோலமாவு டப்பா ஒண்ணு இருக்குதுங்க. அதும் வெள்ளையாத்தான் இருக்கும். சீல் வெச்சுட்டுப் போறீங்களா?"

பட்டீஸ்வரன் சிரித்துவிட்டான். ஆணையரின் முன்னிலையில் ஆணையரின் குமாஸ்தா. வெளியே வந்ததும் அவனைக் கண்டித்தேன். "இல்லைங் சார், இருமல்" என்றான்.

ஏப்ரல் 12, சனி

வாதி பாரிவேள் தன் வழக்கறிஞரோடு அலுவலகத்துக்கு வந்தார். பருமனான, சத்தமாகப் பேசும் மனிதர். தந்தையின் வார்ப்புப் பட்டறையான பவுண்டரியை இவர்தான் நடத்துகிறார். இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் என்பதால், "வழக்கறிஞர் உடனிருக்கும் காரணத்தால் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டே கேட்டேன்: யாரும் தொடாமல் ஒரு வால்வில் பாய்வு குறையுமா?

"சார், நான் பொறந்ததே வால்வுக்கு நடுவுலீங்க. தண்ணி போற லைன் தானா மூடாது. கை பட்டாத்தான் மூடும்."

"ஏன் மூட வேண்டும்?"

"எனக்குப் போயிரக் கூடாதுன்னுதானுங்க. கோர்ட்டு எனக்குன்னு சொல்றதுக்குள்ள எல்லாத்தையும் சாகடிச்சுட்டா, வெறுங் கண்ணாடிய நான் தூக்கிட்டுப் போறதா? அவ சின்னதுலயே அப்படித்தான். பங்கு கேட்டா பொம்மைய ஒடச்சுப் போடுவா."

நோக்கமும் கிடைத்துவிட்டது. முப்பது ஆண்டு வால்வு அனுபவம் உள்ளவரின் கருத்தும் கிடைத்துவிட்டது.

புறப்படும்போது அவர் வாசலில் நின்று, "அந்தப் பச்சைக் கொத்து நல்லாருக்குங்களா, மூலையில இருக்குமே?" என்று கேட்டார். அது அறிக்கையில் வரும் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை முதல் நாள்

விடுமுறை. காலையில் குளியலறையில் நின்று குழாயின் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. என் மனைவி சுகந்தி சொல்கிறாள்.

"நம்மூட்டுக் குழா ஆறு மாசமா ஒழுகுது, அது உங்க கண்ணுல படலை. அடுத்தவங்க ஊட்டுச் சொட்ட எண்றதுக்கு கோட்டு மாட்டிட்டுப் போறீங்க."

"அது நீதிமன்றப் பணி."

"அப்ப நானும் ஒரு மனுப் போடறேன். வாஷர் மாத்தச் சொல்லி உத்தரவு வாங்கறேன்."

பதில் மனு தாக்கல் செய்யவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பத்தொன்பது. பவழக் கிளைகள் சிலவற்றின் அடிப்பாகம் வெளுத்திருக்கிறது. தோல் உரிந்து எலும்பு தெரிவது போல. மூலையிலுள்ள பச்சைக் கொத்தில் அதிகம். என் கண்ணெதிரே, என் முத்திரைக்குக் கீழே, ஒரு கொலை நடந்துகொண்டிருக்கிறது.

பொறுத்தது போதும் என்று, கூடத்தையே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். கூடம்தான் வீட்டின் முன்வாசல். இனி வஞ்சிக்கொடி கொல்லைப்புறம் சுற்றி அடுக்களை வழியாகத்தான் வந்து போக வேண்டும். "மாற்றுச் சாவி உண்டா?" என்றேன்.

"இருந்துச்சுங்க. அப்பா போன அன்னிக்குத் தம்பிகிட்டக் குடுத்தேன். அவந் தொலைச்சுட்டான்."

"மீனுக்குத் தீனி நானே வந்து போடுகிறேன். நீரும் ஊற்றுகிறேன்."

"ஐஸ்ல இருக்கற எறால அப்படியே போட்டுறாதீங்க. கரைச்சுப் போடுங்க" என்றார். இது வழக்கின் பொருளைச் சார்ந்தது அன்று என்பதால் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 19, சனி

ஆரஞ்சு நிற மீன் ஒன்று நான் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்கு வருகிறது. அறிக்கைக்குத் தொடர்பற்றது.

ஏப்ரல் 21, திங்கள்

பூட்டிய கூடத்தில் பதினேழு. குழாய் நுனியில் மீண்டும் வெள்ளை.

இதைவிட வெளிப்படையான நீதிமன்ற அவமதிப்பு உண்டா? தொலைந்ததாகச் சொல்லப்படும் சாவி தொலையவில்லை என்பது இதனால் விளங்குகிறது. இடைக்கால அறிக்கை எழுதி முடித்தேன். அதன் முடிவுரையை இங்கே படியெடுக்கிறேன், செம்மையாக அமைந்தது: "முத்திரை பழுதுபடாதிருக்கையில் பாய்வு தொடர்ந்து குறைந்திருப்பதும், குழாய் முனையில் சுண்ணாம்பு காணப்பட்டதும், அதை அகற்றியவுடன் பாய்வு உயர்ந்ததும், மனிதக் கையின் தலையீட்டையன்றி வேறெதையும் காட்டவில்லை. அவ்வீட்டில் வசிப்பவர் பிரதிவாதி ஒருவரே."

மாலையில் தாக்கல் செய்தாயிற்று.

ஏப்ரல் 30, புதன்

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். நீதிமன்றம் சந்தைபோல் இருந்தது. எங்கள் வழக்கு எடுக்கப்பட்டதும், நீதிபதி என் அறிக்கையின் முடிவுரையை உரக்கப் படித்தார். பிரதிவாதி வழக்கறிஞரிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அவர் தம் வழக்குக் கட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "உத்தரவுப்படி செய்யலாம், ஐயா" என்றார். மே ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமைக்குள் பிரதிவாதி வீட்டைக் காலி செய்து சாவியை என்னிடம் ஒப்படைக்க வேண்டும், வழக்கு ஜூனில். அடுத்த வழக்கு.

எனக்கு மனநிறைவாக இருந்திருக்க வேண்டும்.

வராந்தாவில் வஞ்சிக்கொடி நின்றிருந்தார். என்னை வழிமறிக்கவில்லை, நான்தான் அவரைக் கடந்துபோக வேண்டியிருந்தது.

"ஏனுங்க, எழுதறதுக்கு முந்தி ஒருக்கா கேட்டிருக்கலாமில்லீங்க?"

"சட்டம் அதற்கு இடம் தராது, அம்மா."

"சட்டம் எடந் தராதுங்க. நீங்க தரலாம்ல?"

இதில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடுநிலை காப்பவனைப் பார்த்து இப்படிக் கேட்பதா? வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. சுகந்தியிடம் சொன்னேன். அவள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தம்மா எங்க போவாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் அறிக்கையின் வரம்புக்கு உட்பட்டதன்று.

மே 2, வெள்ளி

பதினான்கு. பச்சைக் கொத்து முழுதும் வெள்ளை. இன்னொன்றும் போகிறது. கூடத்தின் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். யாராவது திறந்தால் விழட்டும் என்று கதவின் மேல் வைத்துப்போன காகிதத் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

நாளை காலை நானே உள்ளே உட்கார்ந்து, கையும் களவுமாகப் பிடிப்பேன்.

மே 3, சனி

பிடித்துவிட்டேன்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அலமாரிக்கு எதிரே மோடாவில் உட்கார்ந்தேன். குழாய் நுனியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்: பதினைந்து. பிறகு எதையும் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வஞ்சிக்கொடி சாமான் கட்டும் ஓசை கேட்டது. பாத்திரங்கள், பிறகு அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டும் கிரீச்சொலி. என் கண் குழாயை விட்டு விலகவில்லை. சொட்டு திரண்டது, தொங்கியது, விழுந்தது. அடுத்தது திரள முன்னதைவிடச் சற்று நேரமானது. முதலில் என் எண்ணிக்கையைச் சந்தேகித்தேன். பிறகு கடிகாரத்தை. முற்பகல் தீரும்போது பன்னிரண்டுதான் விழுந்தது. நுனியில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையமாயிற்று.

யாரும் வரவில்லை. கூடத்தில் நான் மட்டுமே இருந்தேன்.

சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், வாயு பிரியும் இடத்தில் அதைத் திரும்பவும் விட்டுவிட்டுப் போகிறது. நுனியில் ஒட்டுவது என் கண்ணுக்குத் தெரிகிறது. அரக்குக்குக் கீழே, வால்வின் தொண்டைக்குள் ஒட்டுவது தெரியவில்லை. திறந்து மூடிக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தொண்டை அடைபடாமல் இருக்கும். நான் அதன் குரல்வளையைக் கயிற்றால் சுற்றி, முத்திரை வைத்து, ஏன் மூச்சுத் திணறுகிறது என்று வீட்டிலிருந்த பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன்.

முதலில் அந்தக் கருவியைச் செய்தவன் மீது கோபம் வந்தது. பிறகு, தண்ணீர்க் குழாய் தானாக மூடாது என்ற பாரிவேள் மீது. அந்தப் பவுண்டரியில் ஓடுவது கிணற்று நீர். இது சுண்ணாம்புக் கரைசல் என்று அவருக்குத் தோன்றாவிட்டால், கேட்ட எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? அதன் பிறகு கோபத்துக்கு ஆள் மிச்சமில்லை, ஒருவனைத் தவிர.

பின்கட்டுக்குப் போனேன். வஞ்சிக்கொடி தரையில் உட்கார்ந்து டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் வால்வைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீர்கள். இப்போது சொல்லுங்கள்."

"ஒரு தரப்ப தனியாக் கேக்கக் கூடாதில்லீங்க?"

"கூடாது. சொல்லுங்கள்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பா தெனமும் காலைல முழுசாத் தொறந்து விட்டு, பழையபடி வெப்பாருங்க. வாரத்துக்கொருக்கா கழட்டி வினிகர்ல போடுவாரு. அவரு படுத்தப்புறம் நான் செஞ்சேன்."

"உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னனுங்க. வாயத் தொறக்காதீங்கன்னுட்டாரு. கருவிய நான் ஒருநாளும் தொட்டதே இல்லைன்னு அவரு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாரு. என்ரகிட்ட கையெழுத்து வாங்கறப்போ படிச்சுக் காட்டலை. இப்ப தொட்டேன்னு சொன்னா பொய்க்கேசு வருமுன்னாரு."

காப்பாற்ற எழுதிய வரி ஒருவரை வாயடைக்கிறது. பாதுகாக்க வைத்த முத்திரை ஒன்றைக் கொல்கிறது. நாங்கள் இருவரும் கற்றறிந்த வழக்கறிஞர்கள்.

நீதிமன்றம் மூடியிருக்கிறது. விடுமுறைக்கால அமர்வு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான். முத்திரையை உடைக்க உத்தரவு வேண்டும். உத்தரவு வரும்போது உடைப்பதற்கு முத்திரை இருக்கும், காப்பதற்குப் பவழம் இருக்காது. நான் வாழ்நாளில் உத்தரவின்றி ஒரு பூட்டைக்கூடத் திறந்தவனல்லன்.

பாரிவேளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: நாளை வாருங்கள், வழக்கறிஞர் இல்லாமல்.

மே 4, ஞாயிறு

பாரிவேள் வந்ததும் மோடாவைக் காட்டி, "உட்கார்ந்து எண்ணுங்கள். ஒன்றையும் தொட வேண்டாம்" என்றேன். வஞ்சிக்கொடி கதவோரம் நின்றார். கூடத்துக்குள் அவர் வந்து பதினைந்து நாளுக்கு மேலாயிற்று. மூலையிலிருந்த பச்சைக் கொத்தைப் பார்த்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாரிவேளுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. குனிந்து நுனியைப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "அடச்சே" என்றார். "பாய்லர் லைன்ல சுண்ணாம்பு புடிக்கற மாதிரியேதானுங்க."

"தானாக மூடாது என்றீர்களே?"

"சொன்னனுங்க."

நான் பேனாக்கத்தியை எடுத்தேன். கயிற்றை அறுத்தேன். அரக்கு உடைந்து சிவப்புச் சில்லுகளாகத் தரையில் விழுந்தது. உடன் வந்திருந்த பட்டீஸ்வரன் அவற்றைப் பொறுக்கி உறையிலிட வந்தான். வேண்டாம், கூட்டித் தள்ளு என்றேன்.

வஞ்சிக்கொடி வினிகர்க் கிண்ணத்தோடு வந்து அலமாரி முன் மண்டியிட்டார். வாயுவை நிறுத்தி, வால்வைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பு பல்லில் படியும் காரை போல இறுகியிருந்தது. நடுவில் ஊசித் துளை. அலமாரிக்குள் இருட்டு. பாரிவேள் செல்போன் விளக்கைப் பிடித்தார்.

"டேய், லைட்ட மேல புடி. என்ர கண்ணுல அடிக்கற."

வாதியைப் பிரதிவாதி 'டேய்' என்று விளித்தார். வாதி ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. விளக்கை மேலே பிடித்தார்.

"அக்கா, அந்த ரப்பர் போயிருச்சு பாரு. கம்பெனில இதே சைஸ் கெடக்குது, நாளைக்கு எடுத்துட்டு வாரேன்."

"உப்புத் தண்ணிக்கு உன்ர கம்பெனி ரப்பர் ஆகாது."

"உன்ர மாதிரியே மொரடான ரப்பரா ஒண்ணு இருக்குது, அது ஆகும்."

நுரைத்து நுரைத்துக் காரை முழுதும் போவதற்கு நேரமானது. அதுவரை பாரிவேள் கையை மாற்றி மாற்றி விளக்கைப் பிடித்தார். திரும்பப் பொருத்தியதும் நீர் கம்பியாக ஓடியது. வஞ்சிக்கொடி எண்ணாமலே குமிழை மெல்லச் சுருக்கினார். நான் எண்ணினேன். நாற்பது.

உடனே, நடந்ததைச் சாட்சிகளோடு பதிவுசெய்யும் மகஜரை எழுத உட்கார்ந்தேன். இரண்டு கொத்துகள் செத்தாயிற்று. மீதி பிழைக்கும், கொஞ்ச நாளாகும் என்றார் வஞ்சிக்கொடி. ஆனால் செவ்வாய்க்கிழமை உத்தரவு செவ்வாய்க்கிழமைதான். என் அறிக்கையை நான் திரும்பப் பெறலாம். உத்தரவை நான் திரும்பப் பெற முடியாது. அதை நிறைவேற்றக் கேட்பதும் கேளாதிருப்பதும் வாதி கையில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்பதால் சொல்லவில்லை. மகஜரை இருவருக்கும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

சாட்சிக் கையொப்பத்துக்காகப் பேனாவை வாங்கிய வஞ்சிக்கொடி, பெயரை எழுதிவிட்டு நிறுத்தினார்.

"அட்ரஸ் என்னங்க எழுதறது? இன்னிக்கு இருக்கறதா, புதன்கெழம இருக்கப் போறதா?"

பின்கட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"இதென்ன கேள்வி?" என்றார் பாரிவேள். "இந்த ஊட்டு அட்ரஸ எழுது. புதன்கெழம மட்டும் எங்க போகப் போற? காலைல எந்திரிச்சு அந்த வால்வ யாரு தொறக்கறது, நானா?"

என் கடமையை நான் செய்தாக வேண்டும். "பாரிவேள், அதன் கீழே உங்கள் கையொப்பம் வருகிறது. வழக்கில் இது உங்களுக்கு எதிராகப் படிக்கப்படலாம். உங்கள் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு..."

"லைட்டப் புடிச்சுப் புடிச்சுக் கையி கடுக்குதுங் சார். எங்க போடோணும்னு காட்டுங்க."

காட்டினேன். மகஜரின் படி கீழே:

அ. மேற்படி கருவியின் வால்வில் இருந்த நீதிமன்ற முத்திரையை, நீதிமன்ற உத்தரவு ஏதுமின்றி, இன்று உடைத்தவன் நானே. வேறு எவரும் அல்லர்.

ஆ. பாய்வு குறைந்ததற்கும், இரண்டு பவழக் கொத்துகள் இறந்ததற்கும் காரணம் நான் வைத்த முத்திரை. பிரதிவாதியின் கை எதிலும் படவில்லை. ஏப்ரல் 21ஆம் நாளிட்ட என் அறிக்கையின் முடிவுரை தவறு. அதன்மீது பிறப்பித்த உத்தரவை நீக்கும்படி விடுமுறைக்கால நீதிபதி முன் நானே மனுச் செய்வேன்.

இ. அதுவரை, நாள்தோறும் காலையில் வால்வைத் திறந்து மூடப் பிரதிவாதிக்கு அனுமதி அளித்துள்ளேன். இவ்வாறு அனுமதிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதை அறிந்தே அளித்தேன்.

ஈ. கூடத்தின் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

(ஒப்பம்)
வே. குலசேகரன்
வழக்கறிஞர் ஆணையர்

சாட்சிகள்:

1. நா. வஞ்சிக்கொடி, மேற்படி வீடு, பீளமேடு.

2. நா. பாரிவேள், மேற்படி வஞ்சிக்கொடியின் தம்பி.